கணக்கில் வராத கூலி

1979இல் அப்பாவுக்கு எலும்புருக்கி. மூட்டை தூக்கிய உடம்பு கூடாகிப் போனது. எங்கள் சேரி வீடு ஒரே அறை. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. "வீட்ல வச்சே பாத்துக்கம்மா, மருந்து போதும்" என்று அம்மாவை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

சென்னையில் 1956இல் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து. 1959இல் முடிவு வெளியானது: நல்ல சோறில்லாமல் நெருக்கடியில் கிடந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். படுக்கை கிடைக்காத ஏழைகளை அந்த முடிவு காப்பாற்றியது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சானடோரியத்தில் சளிக்கிண்ணம் கழுவியவருக்குச் சம்பளம் உண்டு. வீட்டில் கழுவிய அம்மாவுக்கு? அப்பாவை ஊசிக்குக் கூட்டிப்போன நாளெல்லாம் அவளுடைய சித்தாள் கூலி போச்சு. அப்பாவுக்கு முட்டை, எங்களுக்குக் கஞ்சி, அவளுக்கு நீராகாரம். "எனக்கென்னடா, நான் கல்லு" என்பாள். அக்காவின் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. அப்பா பிழைத்தார். அம்மா அதற்குப் பிறகு நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

2018 முதல் நோயாளியின் சத்துணவுக்கு அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் அது 1000 ஆனது. நல்லது. பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருப்பவள் இழக்கும் கூலி அதில் இல்லை. வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கியவர்கள், அங்கே வேலை பார்த்தவளை மட்டும் கணக்கில் எழுத மறந்தார்கள். நாம்தான் எழுத வேண்டும்.