ரெகுலர் எக்ஸ்பிரஷன்: இரு வழிகளின் கதை

பிஎச்பி ஐந்தாம் பதிப்பை மூலநிரலிலிருந்து தாமே கட்டியெடுத்தவர்கள், கன்ஃபிகர் கட்டளையின் நெடிய பட்டியலில் ஒரு வரியைக் கண்டிருக்கக்கூடும். ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு எந்த நூலகம் வேண்டும், இயங்குதளத்தில் உள்ளதா, பிஎச்பியோடு வருவதா என்று கேட்கும் வரி அது. விவரம் அறியாதவர்கள் இதைத் தொட வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அருகிலேயே இருக்கும். உரைக்குள் ஒரு சொல்வடிவைத் தேடித் தரும் சிறு கருவிக்கு இத்தனை அச்சம் எதற்கு? விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1951இல் அமெரிக்கக் கணிதவியலர் ஸ்டீவன் கிளீனி, நரம்பு வலைகளின் கணித மாதிரி ஒன்றை ஆராய்கையில் இக்குறியீட்டை உருவாக்கினார். 1968இல் பெல் ஆய்வகத்தின் கென் தாம்ப்சன் அதை உரை தேடும் கருவியாக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய முறையில், பொருந்தக்கூடிய வழிகள் அனைத்தும் ஒருசேரப் பின்தொடரப்படும். உரை இருமடங்கானால் நேரமும் ஏறத்தாழ இருமடங்காகும், அதற்குமேல் போகாது.

1986இல் ஹென்றி ஸ்பென்சர் எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட நூலகம் வேறு வழியில் சென்றது. ஒரு பாதையில் போய், முட்டினால் திரும்பி வந்து, அடுத்த பாதையை முயல்வது அதன் உத்தி. முன்பு பிடிபட்ட சொல்லையே மறுபடி தேடுவது போன்ற வசதிகளுக்கு அவ்வழி இடம் தந்தது. லாரி வால் 1988இல் பெர்ல் இரண்டாம் பதிப்பில் அந்நூலகத்தை எடுத்தாண்டு, பின்னர் வளர்த்தெடுத்தார். பெர்லின் இலக்கணத்தைப் பிற நிரல்களுக்கும் தருவதற்காக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிலிப் ஹேசல் 1997இல் பிசிஆர்இ நூலகத்தை எழுதத் தொடங்கினார்.

இதற்கிடையே பாசிக்ஸ் என்ற தர நெறியும் வந்துவிட்டது. ஸ்பென்சரே அந்நெறிக்கிணங்க மற்றொரு நூலகம் எழுதினார்; பிஎச்பி தன்னோடு வைத்திருந்தது அதைத்தான். பிசிஆர்இயும் பின்னர் அங்கே குடியேறியது. இரண்டும் ஒரே கேள்விக்கு இருவேறு விடை தரவல்லவை. 'மழை அல்லது மழைக்காலம்' என்ற கோலத்தை 'மழைக்காலம்' என்ற சொல்லில் தேடுங்கள். பிசிஆர்இ முதலில் எழுதிய 'மழை'யோடு நின்றுவிடும். பாசிக்ஸ் நெறியோ மிக நீண்டதையே ஏற்கும். 'மழைக்காலம்' முழுதும் கிடைக்கும். பிழைச்செய்தி ஏதும் வராது. விடை மட்டும் மாறியிருக்கும். எச்சரிக்கையின் நியாயம் இப்போது நமக்கு விளங்குகிறது.

பயனர்கள் வசதியின் பக்கம் நின்றார்கள். 2009இல் கைவிடத்தக்கவை என்று குறிக்கப்பட்ட பழைய பாசிக்ஸ் செயற்கூறுகள், 2015 டிசம்பரில் வெளியான பிஎச்பி ஏழாம் பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டன.

திரும்பி வந்து முயலும் வழிக்கு ஒரு விலை உண்டு. பொருந்தாத உரையொன்று வாய்த்தால் முயற்சிகள் கட்டுக்கடங்காமல் பெருகும். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. ஒரு பதிவில் தொடர்ந்து கிடந்த ஏறத்தாழ 20,000 வெற்றிடங்களே காரணம். அவற்றைத் துழாவ ஏறக்குறைய இருபது கோடி ஒப்பீடுகள் தேவைப்பட்டன. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் சேர்த்த ஒரேயொரு கோலம், உலகெங்கும் உள்ள அதன் கணினிகளைத் திணறடித்து 27 நிமிடம் எண்ணற்ற தளங்களை மறைத்தது.

கூகுளின் ரஸ் காக்ஸ் தாம்ப்சனின் வழியை மீட்டெடுத்து எழுதிய ஆர்இ2 நூலகம் 2010இலேயே பொதுவில் வந்திருந்தது. முன்பு பிடிபட்ட சொல்லை மறுபடி தேடும் வசதி அதில் இல்லை. நேரத்துக்கு உறுதி உண்டு. அத்தகைய உறுதி தரும் நூலகத்துக்கு மாறப்போவதாகக் கிளவுட்ஃப்ளேர் அறிவித்தது, இணையம் இருண்ட பிறகு. முன்பின் அறியாதவர் எழுதும் உரையையோ கோலத்தையோ நம் மென்பொருள் ஏற்குமெனில், கட்டுவதற்கு முன்பே நாம் இந்த வரியில் சற்று நின்று யோசிப்பது நல்லது.