வாசிப்பை அளந்த கதை: ஓலைச் சுவடி முதல் மாணவர் கோப்பு வரை



பரிசளிப்பு விழா என்றாலே தோட்டத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, எல்லார் வாயிலும் வருகிற கேள்வி ஒன்றுதான். "உங்க பையன் எத்தனை மார்க்கு? எத்தனாவது நம்பர்?" யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் எடுக்கப்பட்ட பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பல பெற்றோர்கள் திகைக்கிறார்கள். மார்க்குக்குப் பதிலாக ஆசிரியர் ஒரு கோப்பை எடுத்து நீட்டுகிறார். "பரீட்சையும் இல்ல, நம்பரும் இல்ல, பைலைப் பாருங்கன்னு சொல்றாங்க. இது என்ன புதுக் கூத்து?" என்று கேட்போரும் உண்டு.

இது புதுக் கூத்து அல்ல. பிள்ளை வாசிக்கிறானா, இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு நெடிய வரலாறு இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணையும் மணலும்

நம் முன்னோர் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்குப் போவார்கள். அச்சுப் புத்தகம் கிடையாது. பாடம் ஏட்டில் ஏற ஏற, பிள்ளையின் சுவடி பெருகும். இன்ன பாடம் வரை வந்திருக்கிறான் என்பதைச் சுவடியே சொல்லும். ஆனால் அங்கேயும் ஒரு குறை இருந்தது. மனப்பாடமாக ஒப்பிப்பவனும், எழுத்தைப் பார்த்து வாசிப்பவனும் ஒன்றுபோலவே தெரிவார்கள்.

சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை 1789-இலிருந்து நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம்மவர் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அமைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அதன்பின் 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தெங்கும் பரவியது. மணலில் எழுதிய நம் பிள்ளைகளும் உலகக் கல்விக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது மிகையாகாது.

தலைக்கு இவ்வளவு காசு

1862-இல் இங்கிலாந்தில் ஒரு விதித்தொகுப்பு வந்தது. இராபர்ட் லோ என்பவர் கொண்டு வந்தார். அரசாங்கம் பள்ளிக்குக் கொடுக்கும் பணம், பிள்ளைகள் தேர்வதைப் பொறுத்தது என்றார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் தேறினால் ஒரு பிள்ளைக்கு 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. பிள்ளைகளை ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் 'ஸ்டாண்டர்டு' என்று பெயர் வைத்தார்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் "ஸ்டாண்டர்டு ஆறு வரை படிச்சேன்" என்று சொன்னார்களே, அந்தச் சொல்லின் வேர் இங்கேதான் இருக்கிறது.

விளைவு என்ன? ஆண்டு முழுவதும் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப ஓதினார்கள். ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளை கடகடவென்று ஒப்பிப்பான். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அதே வேகத்தில் 'வாசிப்பான்'! மாத்யூ ஆர்னால்டு என்னும் கவிஞர் 1851 முதல் 35 ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். இப்படித் தேறிய பிள்ளைக்கு வேறொரு புத்தகத்தை வாசிக்கத் தெரியாமல் போகலாம் என்று அவர் தம் அறிக்கைகளில் எடுத்துக் காட்டினார். அந்த ஏற்பாடு ஒழிய 1890-கள் வரை ஆனது.

நான்கில் ஒன்று

பிறகு அமெரிக்கா வேறொரு வழியைக் கண்டது. 1915-இல் கன்சாஸ் மாநிலத்தில் பிரடெரிக் கெல்லி என்பவர் மௌன வாசிப்புக்கு ஒரு தேர்வு தயாரித்தார. விடைகளைக் கொடுத்துவிட்டு, சரியானதை மட்டும் குறிக்கச் சொல்வது அவர் முறை. நம் பிள்ளைகள் கறுப்புப் பென்சிலால் தீட்டிய புறவயக் கேள்விகளின் மூலவர் இவர்தான். திருத்துவது சுலபம், எந்த ஆசிரியர் திருத்தினாலும் ஒரே மார்க்கு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே நாளில் சோதிக்கலாம். இந்த நன்மைகளை மறுக்க முடியாது.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் பால் நிறுத்திருக்கிறீர்கள். தராசு எடையைச் சொல்லும். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று தராசுக்குத் தெரியுமா? அதற்கு வேறு சோதனை வேண்டும். மரத்தின் பட்டை எப்படி இருக்கிறது, கத்தி ஆழமாகப் பட்டதா என்பதையெல்லாம் மரத்தடியில் நிற்கிற பால்வெட்டுக்காரர்தான் பார்க்க முடியும். மார்க்கு என்பது தராசு. அது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மரத்தையும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் செய்தி.

பிழையைப் படித்த அம்மையார்

மரத்தைப் போய்ப் பார்த்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே அம்மையார். 1960-களில் பள்ளிக்குப் புதிதாய் வந்த ஐந்து வயதுப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் வாசிக்கும் ஒவ்வொரு சொல்லையும் தாளில் குறித்தார். சரியாக வாசித்தால் ஒரு சரிக்குறி. தவறினால், என்னவென்று வாசித்தானோ அதையே எழுதி வைத்தார். தானாகத் திருத்திக் கொண்டால் அதற்கும் ஒரு குறி. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் கென்னத் குட்மன் என்பவரும் பிள்ளைகளின் வாசிப்புப் பிழைகளை ஆராய்ந்தார். பிழை என்பது குற்றமன்று, அது பிள்ளையின் மனத்துக்குள் எட்டிப் பார்க்கும் சன்னல் என்பதே இவர்கள் கண்ட உண்மை.

நம் தமிழில் வைத்துச் சொல்கிறேன். "பசு புல் மேய்ந்தது" என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளை "மாடு புல் மேய்ந்தது" என்று வாசிக்கிறான். இன்னொருவன் "பஞ்சு புல் மேய்ந்தது" என்கிறான். மார்க்குப் போட்டால் இருவருக்கும் ஒரே பிழைதான். ஆனால் முதல் பிள்ளை பொருளைப் பிடித்துக் கொண்டு எழுத்தை விட்டான். இரண்டாம் பிள்ளை முதல் எழுத்தைப் பிடித்துக் கொண்டு பொருளை விட்டான். முதலாமவனுக்கு எழுத்தைக் கவனிக்கப் பழக்க வேண்டும். இரண்டாமவனை "பஞ்சு புல் மேயுமா?" என்று கேட்க வேண்டும். மருந்து வேறு வேறு. இந்த வேறுபாட்டை மார்க்கு சொல்லாது, ஆசிரியர் குறித்து வைத்த தாள் சொல்லும். அந்தத் தாள்களைத் தேதி போட்டுச் சேர்த்து வைத்தால், அதுதான் வாசிப்புக் கோப்பின் முதல் பக்கம்.

பெற்றோரை அழைத்த லண்டன்

கோப்பு என்னும் எண்ணமே ஓவியர்களிடமிருந்து வந்தது. தாம் வரைந்த படங்களை ஒரு பையில் சேர்த்து வைத்து, "என் வேலையைப் பாருங்கள்" என்று காட்டுவது அவர்கள் வழக்கம். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரப் பள்ளிகள் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதை வகுப்பறைக்குள் கொண்டு வந்தன.

லண்டன் மாநகரில் 1988-இல் 'தொடக்கப்பள்ளி மொழிப் பதிவேடு' வெளிவந்தது. பல மொழி பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருந்த நகரம் அது. அந்தப் பதிவேட்டில் ஆசிரியர் எழுதும் பகுதி மட்டும் இல்லை. பெற்றோரோடு பேசி, வீட்டில் பிள்ளை என்ன பேசுகிறான், என்ன வாசிக்கிறான் என்று கேட்டு எழுதும் பகுதியும் இருந்தது. பிள்ளையோடு பேசி எழுதும் பகுதியும் இருந்தது. படிக்காத தாய் சொன்னதும் பதிவாகும். "எனக்கு என்னங்க தெரியும், நான் பால் வெட்டுறவ" என்று ஒதுங்கி நிற்கிற தாய்மார்களே, உலகப் பெருநகரம் ஒன்று உங்களைப் போன்றவர்களின் வாய்ச்சொல்லைக் கேட்டு எழுதியதை எண்ணிப் பாருங்கள்!

கோப்பு தடுமாறிய இடங்கள்

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வரலாறு ஆகாது. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலம் 1991-92-இல் நான்காம், எட்டாம் வகுப்புகளில் எழுத்துக்கும் கணக்குக்கும் மாநில அளவில் கோப்பு முறையைக் கொண்டு வந்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் அதைச் சோதித்தது. ஒரே கோப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பெண்கள் பெரிதும் வேறுபட்டன. கென்டக்கி மாநிலம் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுத்துக் கோப்பைப் பள்ளிகளுக்குத் தரம் போடப் பயன்படுத்தியது. 2009-இல் இன்னொரு சட்டத்தால் அந்தக் கணக்கிலிருந்து அதை நீக்கியது.

இதில் ஒரு பாடம் உண்டு. கோப்பைக் கொண்டு பள்ளிக்குப் பள்ளி போட்டி வைத்தால், அது பழைய 1862 கதையாகவே முடியும். அன்று புத்தகத்தை ஓதினார்கள். இன்று கோப்பை அலங்கரிப்பார்கள். கோப்பு பிள்ளைக்கு வழி காட்டத்தான். வரிசை போடுவதற்கு அது ஏற்ற கருவியன்று.

நம் நாட்டில் நடந்தது

1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புடன் தொடங்கியது நம் கல்வி. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், பல வகுப்புகள் என்றிருந்த பள்ளிகள் ஏராளம். எல்லாரும் சேர்ந்து இராகம் போட்டு வாசிக்கும்போது, எவன் வாசிக்கிறான், எவன் வாயை மட்டும் அசைக்கிறான் என்று அந்த ஒற்றை வாத்தியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? அப்படி வாயசைத்தே வளர்ந்து, சம்பளச் சீட்டில் கைநாட்டு வைத்தவர்களும் நம்மில் உண்டு.

1982-இல் 302 பள்ளிகளில் வெள்ளோட்டம் பார்த்து, 1983-இல் நாடு முழுவதும் புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் முதலிடம் தந்தது. 1988-இல் யு.பி.எஸ்.ஆர். வந்தது. அதன் தமிழ்க் கருத்துணர்தல் தாளில் கெல்லியின் பென்சில் குறி நம் பிள்ளைகள் கைக்கும் வந்து சேர்ந்தது. 'நீலம்' திட்டத்தில் பிள்ளைகள் வாசித்த நூல்களைப் பதிவேட்டில் எழுதினார்கள். அதுவும் ஒரு வகைக் கோப்புதான். ஆனால் எத்தனை புத்தகம் என்ற எண்ணிக்கையில் கண் போய்விட்டால், பின் அட்டையைப் பார்த்தே சுருக்கம் எழுதிவிடும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு!

2011-இல் பள்ளிசார் மதிப்பீடு முதலாம் ஆண்டில் தொடங்கியது. ஒவ்வொரு திறனுக்கும் சான்று சேர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்றார்கள். காகிதம் குவிந்தது, ஆசிரியர்கள் பாரம் தாங்காமல் முறையிட்டார்கள், 2014-இல் அமைச்சு அதைத் தளர்த்தியது. 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வு நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு ஆறு அடைவுநிலைகளோடு நிலைபெற்றது. யு.பி.எஸ்.ஆர். கடைசியாக நடந்தது 2019-இல். 2020-இல் பெருந்தொற்றால் நடக்கவில்லை. 2021-இல் முடிவுக்கே வந்தது.

கோப்பை எப்படிப் பார்ப்பது?

பெற்றோர்களே! ஆசிரியர் கோப்பை நீட்டும்போது அதன் கனத்தைப் பார்க்காதீர்கள். முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று வாசித்தவன் இப்போது எப்படி வாசிக்கிறான்? வாசித்த கதையைச் சொந்தமாய் இரண்டு வரி எழுத வந்துவிட்டதா? தாளில் தேதி இருக்கிறதா? எழுத்து பிள்ளையுடையதா, அக்காவுடையதா? "அடுத்து என்ன செய்யலாம், டீச்சர்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவினால்தான் அது கோப்பு. இல்லையென்றால் வெறும் காகிதக் கட்டு.

உங்களுக்கு எழுத்து வாசிக்க வராவிட்டாலும் பாதகமில்லை. இரவில் சாப்பிட்டு முடித்த பிறகு, "இன்னிக்கு என்னப்பா படிச்ச? அந்தக் கதையச் சொல்லு" என்று கேளுங்கள். பார்த்து வாசிக்கச் சொல்லி, பிறகு புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் அடிக்க வேண்டாம். மறுநாள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். முதலாம் ஆண்டில் கண்டுபிடித்தால் சில மாதத்தில் சரியாகக் கூடியது, ஆறாம் ஆண்டில் கண்டுபிடித்தால் பெரும் பாடாகிவிடும்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்குவோருக்கு எங்கள் வாழ்த்துகள். மேடையேறாதவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் கோப்பில் போன ஆண்டுத் தாளை விட இந்த ஆண்டுத் தாள் நன்றாக இருக்குமானால் நீங்களும் வென்றவர்கள்தாம். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மா அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

வாயசைத்து வளர்ந்த காலம் நம் தாத்தாக்களோடு போகட்டும். பொருள் உணர்ந்து வாசிக்கும் தலைமுறை நம் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து எழட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!