கண்டிச் சீமைக்குப் போன பாதை

கடலே இல்லாத பூலாம்பாடியில் நின்றுகொண்டு கடலுக்குள் நின்ற ஒரு ரயில் நிலையத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அந்த நிலையத்துக்குப் போகும் பாதை நம் திருச்சி ஜில்லாவிலிருந்துதான் தொடங்கியது. பெரம்பலூர் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது.

தனுஷ்கோடியில் ஊருக்கு ஒரு நிலையமும், கப்பல் துறைக்குத் தனியாகப் ‘பியர்’ என்ற நிலையமும் இருந்தன. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் எழும்பூரில் ஏறிய பயணி பியரில் இறங்கி, அங்கேயே கப்பல் ஏறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னார் துறையில் மறு ரயிலைப் பிடித்தார். இதுதான் ‘போட் மெயில்’. சுற்றுலாக்காரர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகிறது. துரைமார்களும் வியாபாரிகளும் யாத்திரிகர்களும் அதில் வருகிறார்கள். மூன்றாம் வகுப்பில் வந்தவர்கள் வருவதில்லை.

அவர்கள் யார்? பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊரில் சேரிக்கு வெளியே நிலம் இல்லாதவர்கள்தான் அவர்களில் பெரும்பகுதி. பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் துரத்த, கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பணமே பின்னால் கழுத்தை இறுக்கியது. இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதற்கான தங்கள் தலைமை அலுவலகத்தை 1904இல் திருச்சியில்தான் வைத்தார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று கூலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போக வேண்டும். பெயர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, எண் போதும்.

மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தடுப்பு முகாமில் அவர்களை நிறுத்தினார்கள். குளிப்பாட்டி, துணியை வேகவைத்து, அம்மை குத்தி, சில நாள் வைத்திருந்துதான் பியருக்கு அனுப்புவார்கள். முதல் வகுப்புக்காரருக்கு அந்த இறக்கம் கிடையாது. தொற்று நோய் சாதியும் வகுப்பும் பார்த்துத்தான் வரும் போலிருக்கிறது! பியருக்கு முந்தைய காலத்தைவிட இது மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கியவர்கள் மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழி நெடுகச் செத்தார்கள்.

1939இல் இந்திய அரசு கூலிகள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றது. தேயிலை மூட்டைகளைப் பிரிப்பதுபோல மனிதர்களைப் பிரித்தார்கள். ‘உனக்கு எங்கே இருக்க வேண்டும்’ என்று அவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமல்ல அது.

அதற்கு 53 நாள் கழித்து, டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு போயிற்று. பியரும் முடிந்தது. போன வழி அழிந்த பிறகுதான் திரும்பி வருகிறவர்களின் காலம் தொடங்கியது. அவர்கள் ராமேஸ்வரத்தில் ‘ராமானுஜம்’ கப்பலில் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் மறுபடி அவர்களை வாங்கிக்கொண்டது. தாத்தாவை அனுப்பிய அதே முகாம் பேரனைப் பதிவு செய்தது. அங்கிருந்து நீலகிரித் தேயிலைக் காடுகளுக்கும் வேறு பல இடங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். சொந்த ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் அதே சேரிதான் காத்திருந்தது. ‘சிலோன்காரன்’ என்ற பெயர் மட்டும் கூடுதலாகச் சேர்ந்தது.

ராமேஸ்வரக் கப்பலும் 1984 வரைதான் ஓடியது. பிறகு உள்நாட்டுப் போர் தலைமன்னார் தண்டவாளத்தையும் விட்டுவைக்கவில்லை. 2015இல்தான் அங்கே மீண்டும் ரயில் வந்தது. நம் பக்கத்தில் தேவாலயத்தின் இடிந்த சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. அவற்றின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் யாருடைய பெட்டியிலாவது தகரத் துண்டோ, தோட்டத்துப் பற்றுச்சீட்டோ, முகாம் அட்டையோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். மன்றத்திடம் கொடுத்துப் படியெடுக்கச் சொல்லுங்கள். கண்டிக்குப் போய்வந்த பாட்டி இன்னும் இருந்தால், அவர் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த மாதம் கப்பல் ஏறினார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.