ரங்கூனில் விட்டு வந்தவை

அசோக் நகரில் எங்கள் உம்மம்மாவின் தகரப்பெட்டியில் செல்லாத பர்மிய நோட்டுகள் சில இன்றும் உள்ளன.

1962 மார்ச் 2 அன்று பர்மாவில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஏறத்தாழ ஈராண்டுகளில் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் கடைகளும் அரசுடைமையாயின. 1964 மே 17 அன்று ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. வணிகத்தில் இந்திய வம்சாவளியினர் மிகுந்திருந்தமையால் அடி அவர்கள்மீதே பலமாக விழுந்தது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் வெளியேறினர். அவர்களுள் நம் சோலியா முஸ்லிம்களும் இருந்தனர். கப்பலில் சென்னை வந்தோருள் சிலர் 1969-இல் பர்மா பஜாரில் கடை விரித்தனர். பள்ளியில் இருக்கவேண்டிய பிள்ளைகள் கடையில் நின்றனர்.

அங்கேயே தங்கிய உறவினரை 1982 குடியுரிமைச் சட்டம் எதிர்கொண்டது. 1823-க்கு முன்பே அந்நாட்டில் நிலைபெற்ற இனத்தாரே பிறப்பால் முழுக் குடிமக்கள் என்றது அது. நம் முன்னோருள் பெரும்பாலோர் அதற்குப் பின் சென்றவர்கள். இவ்வாறு ஒரே குடும்பத்தில் வந்த கிளை உடைமையை இழந்தது; தங்கிய கிளையின் பேரப்பிள்ளைகள் இன்றும் பாட்டனாரின் சான்றுகளைத் தேடுகின்றனர்.

அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களிடம் ஊர், கப்பல், உறவினர் பெயர் அனைத்தையும் கேட்டு எழுதிவைப்போம். பழைய தாள்களைப் பேணுவோம். அது நம்மீதுள்ள அமானிதம்.