வரி நீக்கமும் வறட்சிக் கடனும்

வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சோழன் கிள்ளிவளவனைப் பாடித் தம் நிலத்தின் பழைய வரி நிலுவையினின்று விடுதலை பெற்றார் என்பது புறநானூறு தரும் செய்தியாகும். பருவமழை தவறினும் பழி மன்னனையே சாரும் என்று அப்பாடலில் அவர் எடுத்துரைக்கிறார். இயற்கை இழைத்த கேட்டிற்கும் அரசு பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் கருத்து தமிழ் மண்ணில் தொன்மையானது என்பதற்கு இது சான்று. ஆயினும், அவ்வுதவி யாருக்குரியது என்னும் வினா பிற்கால வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் இரயத்துவாரி முறை நிலைபெற்றது. தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1820 முதல் 1827 வரையிலான காலத்தில் வேரூன்றிய அம்முறையில், பட்டாதாரர் ஒவ்வொருவரும் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தினர். விளைச்சல் பொய்த்த ஆண்டில் அவ்வரியைத் தள்ளுபடி செய்வதும் உண்டு. அதனை 'வஜா' என்றனர். விதைக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் அரசு தந்த கடன் 'தக்காவி' எனப்பட்டது. இவ்விரண்டும் நிலத்தைப் பற்றியே நின்றன.

1876ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிலைத்த அக்கொடுமை 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. நிலமற்ற கூலிகளுக்கு வரியும் இல்லை. ஆகவே வரி நீக்கமும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியது பஞ்ச நிவாரண வேலையே. அவ்வேலையின் கூலியையும் ரிச்சர்டு டெம்பிளின் ஆணை 1877இல் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் எனக் குறைத்தது. உடலுழைப்பாளிக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார்.

ரிச்சர்டு ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதன்பின் 1883இல் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டமும், 1884இல் உழவர் கடன் சட்டமும் பிறந்தன. துயர் தணிக்கவும் விதையும் மாடும் வாங்கவும் பின்னைய சட்டம் வழி செய்தது. ஆனால் அது கொடையன்று, கடனே. தவணை தவறினால் நிலவரி நிலுவையைப் போலவே அதனை வசூலிக்கலாம். ஈடு காட்ட நிலமில்லாத ஏழைக்கு அக்கடனும் எளிதில் எட்டவில்லை. அத்தகையோர் பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பிற்காலத்தில் மலாயாவின் தோட்டங்களுக்கும் கடல் கடந்தனர்.

விடுதலை பெற்ற இந்தியாவில் கடனுக்குப் பதிலாக நேரடி நிவாரணத் தொகை வழங்கும் முறை வளர்ந்தது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அதற்கு உறுதியான அடிப்படை அமைத்தது. பயிர்ச் சேதம் 50 விழுக்காட்டை எட்டினாலன்றி உதவியில்லை என்றிருந்த வரம்பு, 2015இல் 33 விழுக்காடாகத் தளர்த்தப்பட்டது. இவை பெரும் முன்னேற்றங்களே. எனினும் தொகை ஹெக்டேர்க் கணக்கில் அளக்கப்படுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969இலேயே சட்டம் இயற்றப்பட்டும், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் தம் உரிமையை நிறுவ இடர்ப்படுகின்றனர். நாற்று நட்டும் களையெடுத்தும் வாழும் கூலியாளரோ, பயிர் அழிந்ததும் வேலை இழக்கின்றனர். பயிருக்கான இழப்பீட்டில் அவர்தம் கூலி கணக்கிடப்படுவதில்லை.

ஓர் அரசின் பேரிடர் உதவியை மதிப்பிடுவோர் அறிவிக்கப்பட்ட தொகையையே நோக்குதல் வழக்கம். பயனாளிகளின் பட்டியலில் எவர் பெயர் விடுபட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். பட்டா வைத்திருப்போரோடு அந்நிலத்தில் பாடுபடுவோரையும் உழவர் எனக் கொள்ளும் நாளிலேயே, அன்று புலவர் மன்னன் முன் வைத்த முறையீடு முழுமையாக நிறைவேறியதாகும்.