பரத்பூருக்கு வந்த வெண்விருந்து

மதுரையில் குளிரால் நடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், வானில் சென்ற நாரை இணையை விளித்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பினார் என்பதைத் தமிழர் அறிவர். பருவம் தோறும் திசை மாறிச் செல்லும் பறவைகளின் வழக்கத்தை உணர்ந்த உள்ளத்திலேதான் அத்தகைய பாடல் பிறக்க இயலும். தொழிலின் பொருட்டு வடபுலம் வந்து, விடுமுறை தோறும் தென்னாடு சென்று திரும்பும் நமக்கு அப்பாடல் இன்னும் நெருக்கமானது.

நாம் வாழும் தில்லியிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில் இராசத்தானத்துப் பரத்பூர் உள்ளது. சைபீரியப் பெருங்கொக்கு என்னும் அரிய பறவையைக் காண்பதற்காகவே முன்னாளில் பறவை ஆர்வலர் பலர் குளிர்காலத்தில் அவ்வூருக்குப் பயணம் செய்தனர். இன்று அப்பறவை அங்கு வருவதில்லை. அது வந்த வரலாறும் வாராதொழிந்த வரலாறும் நாம் அறிய வேண்டியவை.

ஓவியர் கண்ட பறவை

முகலாயப் பேரரசர் சகாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்சூர் என்னும் ஓவியர் விளங்கினார். விலங்குகளையும் பறவைகளையும் உள்ளவாறே தீட்டுவதில் அவருக்கு நிகரானோர் சிலரே. அவர் 17ஆம் நூற்றாண்டில் தீட்டிய சைபீரியப் பெருங்கொக்கின் ஓவியம் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஐரோப்பிய அறிவியலாளரான பல்லாஸ் இப்பறவைக்கு அறிவியற்பெயர் சூட்டியது 1773இல்தான். நூல் ஏறுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்திய ஓவியர் ஒருவரின் தூரிகை அதனைப் பதிவு செய்துவிட்டது.

உடல் முழுதும் பால்வெண்மை. முகத்தில் மட்டும் செந்நிறத் தோல். சிறகு விரித்துப் பறக்கும்போதுதான் இறகு நுனிகளின் கருமை புலப்படும். ஆழமற்ற நீரில் நின்று, நீண்ட அலகால் சேற்றைக் கிளறிக் கோரைக் கிழங்கை உண்ணும். காங்கிரசு இயக்கம் 1885இல் தோன்றக் காரணராக இருந்த ஏ. ஓ. ஹியூம் சிறந்த பறவையியல் அறிஞருமாவார். அவர் வடநாட்டு நீர்நிலைகளில் இப்பறவையைக் கண்டு எழுதியுள்ளார். தாய், தந்தை, ஒரே குஞ்சு எனச் சிறு குடும்பமாக வருவதே இதன் வழக்கம். இடுவது இரண்டு முட்டையாயினும் பெரும்பாலும் ஒரு குஞ்சே பிழைக்கும். ஆகவே ஒரு பறவை மடிந்தாலும் அவ்விழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

வேட்டைக் களம்

பரத்பூர் நீர்நிலை முழுதும் இயற்கை ஆக்கியதன்று. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட சூரஜ்மால் கட்டுவித்த அசான் அணையின் நீர் அத்தாழ்நிலத்தில் பாய்ந்தது. அங்குள்ள கேவலாதேவ் என்னும் சிவன் கோயிலின் பெயரே அவ்விடத்திற்கும் அமைந்தது. பின்வந்த மன்னர்கள் கால்வாய்களும் கரைகளும் அமைத்து நீரைத் தேக்கினர். பறவைகளைக் காப்பது அவர்கள் நோக்கமன்று. வாத்து வேட்டையாடுவதே நோக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வைசிராய்களும் சிற்றரசர்களும் அங்கு விருந்தினராக வந்தனர்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. கோயிலருகே நிற்கும் கற்பலகைகளில் இத்தகைய கணக்குகள் பொறிக்கப்பட்டுள்ளன. மன்னர்கள் தம் கொடையைக் கல்லில் வெட்டிய நாட்டினின்று வந்த நாம், அக்கல்லின் முன் சற்று நேரம் வாய் பேசாது நிற்கிறோம்.

காணச் சென்றோர்

துப்பாக்கி ஏந்திச் சென்ற வழியில் தொலைநோக்கி ஏந்திச் செல்லும் காலம் பின்னர் வந்தது. காந்தியடிகளின் நண்பர் ஹோரேஸ் அலெக்சாந்தரின் முயற்சியால் 1950இல் தில்லிப் பறவை நோக்குவோர் சங்கம் தோன்றியது. இந்திரா காந்தி அம்மையாரும் அதன் தொடக்க கால உறுப்பினர். அறிஞர் சாலிம் அலி முதலியோரின் முயற்சியால் 1956இல் பரத்பூர் நீர்நிலை சரணாலயமாயிற்று. எனினும் மன்னருக்கு இருந்த வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது.

தை மாதக் குளிரில், பனிமூட்டம் விலகுமுன் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உள்ளே செல்வதே அங்கு முறை. அவ்வண்டியோட்டிகளில் பலர் பறவைப் பெயர்களை நன்கு அறிந்தவர்கள். தொலைவில் தெரியும் வெண்புள்ளி கொக்கா, நாரையா என்பதை நமக்கு முன்னரே சொல்லிவிடுவர். நூல்கள் பல கற்றவர் அவர்களிடம் பாடம் கேட்ட காட்சி அக்காலையின் அழகுகளுள் ஒன்று. கரையில் நின்றோர் குரல் தாழ்த்திக் காத்திருந்தனர். இரண்டு வெண்பறவைகளும், அவற்றினிடையே இலவங்கப்பட்டை நிறம் படிந்த இளங்குஞ்சும் கண்ணில் பட்டால் வந்த பயன் கிட்டியதென மகிழ்ந்தனர்.

காவலும் பிழையும்

1982இல் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்து வந்த சுற்றூர் மக்களுக்கு 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதனால் எழுந்த மோதலில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காக்க எழுந்த ஆணை மனிதர் குருதியால் நனைந்தது மறக்கத்தக்கதன்று.

அத்தடை எண்ணிய பயனையும் தரவில்லை. எருமைகள் மேயாது விட்டதால் நீர்ப்புல் தழைத்துப் பரவி, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. 1980 முதல் 1990 வரை அங்கு ஆய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், எருமைகளே புல்லை அடக்கி நீர்நிலையைக் காத்து வந்தன என்று உணர்த்தினர். ஊரார் அறிந்திருந்த உண்மையை அறிவியல் பின்னர் கண்டுகொண்டது.

அறுந்த வழி

1964-65 குளிர்காலத்தில் பரத்பூரில் ஏறத்தாழ 200 சைபீரியப் பெருங்கொக்குகள் இருந்தன. 1992-93இல் வந்தவை ஐந்தே. அடுத்த இரு குளிர்காலங்களில் ஒன்றும் வரவில்லை. 1996இல் நான்கு தோன்றியபோது ஆர்வலர் நெஞ்சில் நம்பிக்கை துளிர்த்தது. 2002இன் தொடக்கத்தில் காணப்பட்ட ஓர் இணையே இறுதி. அதன்பின் அவ்வெண்விருந்து பரத்பூருக்கு வரவேயில்லை.

சுவரும் காவலும் உள்ள இடத்தில் பறவை ஏன் அழிந்தது? விடை பரத்பூரில் மட்டும் இல்லை. மேற்குச் சைபீரியாவின் ஓப் ஆற்றுப் படுகையில் பிறந்து, கசகஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் அவை பறந்து வந்தன. இடையே ஆப்கானிஸ்தானத்து ஆபி எஸ்தாதா ஏரியில் இளைப்பாறுவது வழக்கம். 1979 முதல் அந்நாடு போர்க்களமாயிற்று. பாகிஸ்தானத்து மலைப்பள்ளத்தாக்குகளில் பறந்து செல்லும் கொக்குகளை, கல் கட்டிய கயிற்றை வீசிப் பிடிப்பது நெடுங்கால வழக்கம். ஒரு சிறு கூட்டம் இத்தனை இடர்களை ஆண்டுக்கு இருமுறை கடக்க வேண்டியிருந்தது.

மனிதர் வளர்த்த இளங்கொக்குகளைப் பரத்பூரில் விட்டுப் பார்த்தனர். அவை வடக்கே செல்லவில்லை. ஏனெனில் இக்கொக்கின் குஞ்சு தாய் தந்தையருடன் ஒருமுறை பறந்தே வழியைக் கற்கிறது. கற்பிக்கும் முதியவை மடிந்தால் வழியும் மடிகிறது. சீனத்துப் போயாங் ஏரிக்கு இப்பறவைகள் இன்றும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. இந்திய வழியை அறிந்தவை மட்டும் இல்லை.

பரத்பூர் இன்றும் வறியதன்று. சாரசக் கொக்குகள் இணையாக உலவுகின்றன. வரித்தலை வாத்துகள் இமயம் கடந்து வருகின்றன. ஆயினும் கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின் நீர்வரத்துக் குறைந்து, தொலைவிலிருந்து குழாய் வழி நீர் கொணர வேண்டியதாயிற்று. நீராயினும் பறவையாயினும் வந்து சேரும் இடத்தை மட்டும் காத்தால் போதாது. வரும் வழி முழுதும் காக்கப்பட வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் நம் பிள்ளைகளைப் பரத்பூருக்கு அழைத்துச் செல்வோம். கற்பலகையையும் காட்டுவோம், வெண்கொக்கு நின்ற நீர்நிலையையும் காட்டுவோம். நாம் தென்னாட்டுக்குச் செல்லும்போது பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது ஏன் என்பதை அவர்களுக்கு அப்பறவையின் கதையே சொல்லும்.