ஒரே பலகையில் அமர்ந்தவர்கள்

ஜெர்மனியின் தென்பகுதியில் பவேரியாவின் தலைநகராய் விளங்கும் மியூனிக்கிற்குப் பெயர் வந்ததே துறவியரால்தான். 'துறவியர் இருக்குமிடம்' எனும் பொருளுடைய பழஞ்சொல்லே நகரின் பெயராயிற்று. 1158ஆம் ஆண்டின் ஆவணமொன்றில் அப்பெயர் காணப்படுகிறது. நகரின் சின்னத்திலும் துறவியொருவரின் உருவமே பொறிக்கப்பட்டுள்ளது. இங்கு வரும் பயணிகள் பலரும் ஒரு முழுநாளைப் பழம்பெரும் பீர்க்கூடங்களுக்கென ஒதுக்குவது வழக்கம்.

அந்நாளை எவ்வாறு திட்டமிடுவது? எத்தனை குவளை எனக் கணக்கிடுவோர் உண்டு. நாமோ எத்தனை நூற்றாண்டு எனக் கணக்கிட்டுப் புறப்படுவோம். குடிப்பழக்கம் குடும்பங்களைச் சிதைப்பதைக் கண்கூடாகக் கண்டு வருந்தும் வாசகர்கள் தயங்க வேண்டியதில்லை. இக்கூடங்களில் ஆப்பிள் சாறும் கிடைக்கும். நாம் காணச் செல்வது குவளையை அல்ல, அது வைக்கப்படும் மேசையை.

காலையில் நகரின் மேற்கு வாயிலாகிய கார்ல்ஸ்டோரில் தொடங்குவோம். அங்கிருந்து கிழக்கே செல்லும் நொய்ஹவுசர் தெருவில் அவுகுஸ்தினார் கூடம் நிற்கிறது. புனித அகுஸ்தினார் சபைத் துறவியர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியில் மடம் அமைத்தனர். 1328ஆம் ஆண்டையே தன் தொடக்கமாக இந்த ஆலை குறித்துக்கொள்கிறது. துறவியர் ஏன் பீர் காய்ச்சினர் என நமக்கு வியப்புத் தோன்றலாம். அக்காலத்தில் அது களியாட்டப் பொருளன்று. அன்றாட உணவின் பகுதி. நோன்பு நாள்களில் திட உணவு குறையும்போது உடலைத் தாங்கியதும் அதுவே. பானம் நோன்பை முறிக்காது என்பது அன்றைய நெறி.

1803இல் பவேரிய அரசு துறவு மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளைக் கைப்பற்றியது. அகுஸ்தினார் சபையினரின் ஆலயம் வழிபாட்டிடமாக இருந்த நிலை மாறி, பின்னாளில் அருங்காட்சியகமாயிற்று. ஆலை மட்டும் தனியார் கைக்கு மாறி, துறவியரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. செபம் ஒலித்த இடம் ஓய்ந்து, அவர்தம் பீரின் பெயர் மட்டும் வாழ்வது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இங்கு அமர்ந்திருக்கையில் 1516ஆம் ஆண்டுச் சட்டமொன்றை நினைவுகூர்தல் நலம். பவேரியக் கோமகன்கள் நான்காம் வில்லெமும் பத்தாம் லூட்விக்கும் இங்கோல்ஸ்டாட் நகரில் பிறப்பித்த அச்சட்டம், பீரில் வாற்கோதுமை, ஹாப்ஸ் எனும் கொடிப்பூ, நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் சேரலாகாது என்றது. கோதுமையை ரொட்டிக்கெனக் காப்பதும் இதன் நோக்கங்களுள் ஒன்று எனக் கருதுவர். அச்சட்டம் விலைக்கும் வரம்பிட்டது. மிக்கேல் திருநாள் முதல் ஜார்ஜியார் திருநாள் வரை ஒரு விலை, எஞ்சிய கோடை மாதங்களுக்கு மற்றொரு விலை. ஏழையின் குவளைக்கும் தட்டுக்கும் காவலாக அமைந்த சட்டம், திருநாள்களைக் கொண்டே ஆண்டைப் பகுத்தது.

அதே தெருவில் சில அடி தொலைவில் இரு ஆலயங்கள் உள்ளன. ஒன்று இயேசு சபையினருக்கெனக் கோமகன் ஐந்தாம் வில்லெம் எழுப்பிய புனித மிக்கேல் ஆலயம். மற்றொன்று பியூர்கர்சால் ஆலயம். அதன் கீழறையில் இயேசு சபை அருள்பணியாளர் ரூப்பர்ட் மேயரின் கல்லறை உள்ளது. வேலைக்கு விரைவோரும் ஒரு கணம் இறங்கிச் செபித்துச் செல்லும் இடம் அது. நாமும் இறங்கி வணங்கி, அவர் பெயரை மனத்தில் இருத்திக்கொள்வோம். பிற்பகலில் அவரை மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும்.

நண்பகலுக்குள் பிளாட்சில் எனும் சதுக்கத்திலுள்ள ஹோஃப்பிராய்ஹவுசை அடைவோம். புனித மிக்கேல் ஆலயத்தைக் கட்டிய அதே ஐந்தாம் வில்லெம்தான் 1589இல் அரண்மனைக்கென இந்தப் பீர் ஆலையையும் நிறுவினார். ஐன்பெக் எனும் வடபுலத்து ஊரிலிருந்து பீர் வரவழைக்கும் செலவைக் குறைப்பதே நோக்கம். 1828இல் முதலாம் லூட்விக் மன்னர் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அரசவையின் பீர் அங்காடித் தொழிலாளியின் பீராயிற்று.

இக்கூடத்தின் நீண்ட மேசைகளைக் கவனியுங்கள். தனி நாற்காலிகள் குறைவு. பலகை இருக்கைகளே மிகுதி. இடமிருந்தால் முன்பின் அறியாதவர் அருகில் அமரலாம். வண்டியோட்டியும் வழக்கறிஞரும் ஒரே பலகையில் அமர்வர். நாள்தோறும் வருவோருக்கென நிலையான மேசைகளும், அவர்தம் குவளைகளைப் பூட்டி வைக்கும் பேழைகளும் உள்ளன. 'மாஸ்' எனப்படும் ஒரு லிட்டர் குவளை எல்லாருக்கும் ஒரே அளவு. இந்தச் சமத்துவமே பீர்க்கூடங்களின் பெருமை என்பர். அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று.

மாடிப்படி ஏறினால் விழா மண்டபம். வானொலி பரவாத அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோரை ஒருங்கே கூட்ட இத்தகைய மண்டபங்களே வாய்ப்பாக இருந்தன. 1919 ஏப்ரலில் பொதுவுடைமையர் இக்கட்டடத்தில் கூடித் தம் ஆட்சியை அறிவித்தனர். 1920 பிப்ரவரி 24 அன்று சுமார் 2,000 பேர் நிறைந்த இம்மண்டபத்தில் அடால்ஃப் ஹிட்லர் தம் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை வாசித்தார். யூதர் எவரும் நாட்டின் குடிமகனாக முடியாது என்பது அதிலொன்று. கேட்டோருள் எதிர்ப்புக் குரல் எழுப்பியோரும் இருந்தனர்; கைதட்டியோர் அவர்களினும் மிகுதி. முன்பின் அறியாதவரை அருகில் அமர்த்திய அதே பலகைகளில், அண்டை வீட்டாரைப் புறந்தள்ளும் சொற்களும் வரவேற்கப்பட்டன.

பிற்பகலில் இசார் ஆற்றைக் கடந்து ரோசன்ஹைமர் தெருவுக்குச் செல்வோம். இங்கே காண்பதற்குக் கூடம் ஏதுமில்லை. பியூர்கர்பிராய்கெல்லர் எனும் பெருங்கூடம் நின்ற இடம் இது. 1979இல் அது இடிக்கப்பட்டது. 1923 நவம்பர் 8 இரவு, ஹிட்லர் ஆயுதமேந்திய ஆள்களுடன் உள்ளே புகுந்து கூரையை நோக்கிச் சுட்டு, ஆட்சிக் கவிழ்ப்பை அறிவித்தது இங்கேதான். மறுநாள் நகர வீதியில் அம்முயற்சி முறியடிக்கப்பட்டது; காவலர் நால்வர் உயிரிழந்தனர்.

அதே 1923இல், அந்த இரவுக்கு முன்னரே, இதே கூடத்தில் மற்றொரு குரலும் ஒலித்தது. ஒரு கத்தோலிக்கர் நாத்சிக் கட்சியில் சேரலாமா என்பது பற்றிய கூட்டம். முதல் உலகப் போரில் இடக்காலை இழந்த ரூப்பர்ட் மேயர் பேச எழுந்தபோது கூட்டத்தினர் ஆரவாரத்துடன் வரவேற்றனர். ஒரு கத்தோலிக்கர் ஒருபோதும் அக்கட்சியினராக இருக்க முடியாது என அவர் தெளிவாய் உரைத்ததும் ஆரவாரம் கூச்சலாக மாறியது. தம்மை வரவேற்றவர்கள் கேட்க விரும்பாததை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன துணிவு அது. பின்னாளில் அவர் சிறையையும் சாக்சன்ஹௌசன் வதைமுகாமையும் கண்டார். 1945 நவம்பர் முதல் நாள், புனித மிக்கேல் ஆலயத்தில் திருப்பலியின்போது சாய்ந்து உயிர்நீத்தார். 1987இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இந்நகருக்கே வந்து அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

நடைபாதையில் பதிந்துள்ள நினைவுத் தகடு இன்னொருவரை நினைவூட்டுகிறது. கியோர்க் எல்சர் எனும் எளிய தச்சர், 30க்கும் மேற்பட்ட இரவுகள் இக்கூடத்தில் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னிருந்த தூணைக் குடைந்து வெடிகுண்டு வைத்தார். 1939 நவம்பர் 8 அன்று அது வெடித்தபோது, வழக்கத்துக்கு முன்னதாகவே ஹிட்லர் வெளியேறி 13 நிமிடங்கள் ஆகியிருந்தன. எண்மர் மாண்டனர், பரிமாறும் பணியிலிருந்த பெண்ணொருவரும் அவர்களுள் ஒருவர். எல்சர் 1945 ஏப்ரல் 9 அன்று தாக்கௌ முகாமில் கொல்லப்பட்டார். போரைத் தடுக்க விரும்பிய அவரது மனச்சான்றையும், மாண்ட அப்பெண்ணையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கையில், எளிதில் தீர்ப்பளிக்க நம்மால் இயலவில்லை. அவ்விடத்தில் மௌனமாய் நிற்பதே தகும்.

மாலையில் தெற்கே நடந்து நொக்கர்பெர்க் மேட்டை அடைவோம். அதன் அடிவாரத்தில்தான் புனித பிரான்சிஸ் தெ பவுலா நிறுவிய சபையின் துறவியர் வாழ்ந்தனர். இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை ஆண்டு முழுதும் விலக்கியவர்கள். அவர்கள் காய்ச்சிய அடர்ந்த பீர் பற்றிய சான்று 1634ஆம் ஆண்டிலிருந்தே கிடைக்கிறது. அவர்களின் பெயரே 'பவுலானர்' எனும் ஆலைப் பெயராய் நிலைத்தது. தவக்காலத்தில் இம்மேட்டில் அடர்ந்த பீருக்கெனத் தனி விழாவே எடுக்கப்படுகிறது. நோன்பின் துணையாய் இருந்தது கொண்டாட்டத்தின் காரணமாய் மாறிவிட்டது.

இங்குள்ள செஸ்ட்நட் மர நிழலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1553ஆம் ஆண்டுச் சட்டப்படி கோடையில் பீர் காய்ச்சுதல் கூடாது. எனவே வசந்தத்தில் காய்ச்சியதை நிலவறைகளில் குளிரச் சேமித்து, மேலே நிழல்மரங்களை நட்டனர். ஆலையினர் அங்கேயே விற்கத் தொடங்கியதும் நகரின் உணவு விடுதியாளர் முறையிட்டனர். பீர் விற்கலாம், ரொட்டியன்றி வேறு உணவு விற்கலாகாது என 1812இல் மன்னர் ஆணையிட்டார். அன்று முதல் மக்கள் தத்தம் வீட்டு உணவைக் கொண்டுவந்து இங்கு உண்ணலாயினர். மரபுவழிப் பீர்த் தோட்டங்களில் அவ்வுரிமை இன்றும் நிலவுகிறது.

கையில் கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்து, அருகில் அமர்ந்த அந்நியருக்கும் ஒரு துண்டு நீட்டுவோம். மேசை நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. அதைச் சுற்றி அமர்வோரே அதை விருந்தாகவோ வெறுப்பின் மேடையாகவோ ஆக்குகின்றனர். தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் நாமும் நாள்தோறும் பலருடன் அமர்கிறோம். அங்கே ஒருவர் பிற சாதியாரையோ சமயத்தாரையோ இழித்துப் பேசும்போது நாம் சிரித்து ஆமோதிக்கிறோமா, மௌனம் காக்கிறோமா, அல்லது மேயர் அடிகளைப்போல் எழுந்து நிற்கிறோமா? இந்த ஒரு நாள் பயணம் நம்முன் வைக்கும் கேள்வி இதுவே.